பெல்சியின் சாமான் வண்டி

கோட்டையூர் பெல்சிக்கு இரவல் என்றால் வேப்பங்காய். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் காம்பஸ் கொண்டுவர மறந்துவிட்டாள். பக்கத்துப் பெண் தன்னுடையதை நீட்டினாள். பெல்சி அதை வாங்கவில்லை. கையில் கிடந்த வளையலைக் கழற்றி வைத்து வட்டம் போட்டாள். "வட்டம் சரி, மையப்புள்ளி எங்கே?" என்று டீச்சர் மடக்கியதும், நோட்டு அட்டையின் மூலையை வட்டத்தின் மேல் இரண்டு இடத்தில் வைத்து, ஒவ்வொரு தடவையும் அதன் இரு விளிம்பும் வட்டத்தைத் தொட்ட புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு இழுத்து, அவை வெட்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினாள். டீச்சருக்குக் கோபப்படுவதா பாராட்டுவதா என்று தெரியாமல் போய், இரண்டையும் செய்தார்.

கல்யாணத்தன்றும் இதே கூத்துதான். பெரியம்மா மகள் ஆசையாகக் கொண்டுவந்த ஆரத்தைப் போட மறுத்து, ஒற்றைச் சங்கிலியோடு கோயிலுக்குள் நுழைந்தாள். வந்திருந்த சனம் வாய் வலிக்கப் பேசியது. மாப்பிள்ளை நெல்சன் மட்டும் சிரித்தான். அவன் அறிவியல் வாத்தியார். சங்கிலியைப் பார்க்கக் கல்யாணத்துக்கு வரவில்லை என்று பிற்பாடு அவளிடம் சொன்னான்.

அப்பேர்ப்பட்டவளைத் தேடிப்பிடித்து ஒரு கம்பெனி, அவள் இரண்டு வருஷம் முதுகு ஒடிய எழுதியதை ஓரமாக வைக்கச் சொல்லி, "இந்தா, இதைப் போட்டுக்கொள், காசு வேண்டாம்" என்றது. பெல்சியின் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சோதனை வந்ததில்லை என்பேன். பிரசவத்தைக்கூட அவள் அவ்வளவு பெரிதாகச் சொன்னதில்லை.

பெல்சியின் தொழில் கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதுவது. பெங்களூரில் ஒரு கம்பெனியில் பத்து வருஷம் அந்த வேலை பார்த்தாள். விளையாட்டில் கார் போய்ச் சுவரில் இடித்தால் எப்படி நசுங்க வேண்டும், பந்து படிக்கட்டில் எப்படித் துள்ள வேண்டும், அடுக்கிய பெட்டி எந்த நேரத்தில் சரிய வேண்டும் என்பதெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதினால்தான் நடக்கும். அந்த ஒருவர்தான் பெல்சி. திரையில் எது விழுந்தாலும் அது விழுந்த விதம் பொய்யா மெய்யா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். சினிமா பார்க்கும்போதும் சொல்லித் தொலைப்பாள். அதனாலேயே அவளோடு சினிமாவுக்குப் போக ஆள் கிடையாது.

கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வேலையை விடவில்லை. நெல்சனுக்குக் கோட்டையூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை, அவனால் நகர முடியாது. மகள் யூஜினியா அப்பாவோடு வளர்ந்தாள். பெல்சி வாரக் கடைசியில் பஸ் ஏறி வருவாள், ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போவாள். ஞாயிறு மதியம் தாண்டினால் பிள்ளை யாரோடும் பேசாது. காய்ச்சல்காரி மாதிரிக் கட்டில் ஓரத்தில் சுருண்டு கிடக்கும். ஒவ்வொரு வாரமும் அதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறியவளுக்குத்தான் அது என்னவென்று தெரியும்.

கொரோனா வந்து எல்லாரையும் வீட்டுக்கு விரட்டியபோது பெல்சியும் ஊர் வந்து சேர்ந்தாள். பிறகு கம்பெனி திரும்பக் கூப்பிட்டது. போக மாட்டேன் என்று எழுதிப் போட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். கூடச் சேர்ந்தவன் கார்த்திகேய சிவம். அதே கம்பெனியில் படம் வரைந்துகொண்டிருந்த பையன், இவளுக்கு ஐந்தாறு வயது இளையவன், கண்டனூர்க்காரன். கண்டனூரில் அவனுடைய பாட்டனார் கட்டிய வீடு இருக்கிறது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பங்காளிகள் பல பேருக்குப் பாத்தியம். யாராவது வீட்டில் கல்யாணம் என்றால் திறப்பார்கள், முடிந்ததும் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சிவத்தின் பங்குக்கு வந்த இரண்டு அறைகளில் பெல்சியும் அவனும் மேஜை போட்டார்கள்.

மேஜை போட இடம் பார்த்த அன்றைக்குத்தான் அந்த விளையாட்டே பிறந்தது. சிவத்தின் மனைவி விசாலி ஒரு அறையைத் திறந்து காட்டினாள். உள்ளே அவளுடைய கல்யாணச் சாமான். பெண்ணுக்குக் கொடுக்கும் பாத்திரம் பண்டம் அத்தனையும் கூடத்தில் பரப்பி வைத்து ஊரைக் கூட்டிக் காட்டுவது அவர்கள் பக்கத்து வழக்கம். காட்டி முடித்ததும் அண்டாவுக்குள் குண்டான், குண்டானுக்குள் தவலை, தவலைக்குள் செம்பு, செம்புக்குள் சம்புடம் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு அடுக்கிவிடுவார்கள். அறை கூரைவரை நிறைந்திருந்தது.

"கல்யாணமாகி ஆறு வருசம் ஆச்சுக்கா. இதுல ஒரு தூக்குவாளியத்தான் வெளிய எடுத்திருக்கேன்," என்றாள் விசாலி. "மத்ததெல்லாம் எங்கம்மா வந்து எண்ணிப் பாக்குறதுக்கு."

பெல்சி அந்த அடுக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிவத்தின் பக்கம் திரும்பினாள்.

"இது பூராத்தையும் ஒரு குட்டி லோடு வண்டியில ஏத்தி, நம்ம ரோட்டுல ஓட்டி, கல்யாண வீட்டுல கொண்டுபோய் இறக்கணும். ஒண்ணும் விழுகக்கூடாது. அதான் விளையாட்டு."

"அம்புட்டுத்தானாக்கா?"

"அம்புட்டுத்தான். நம்ம ரோட்டப் பாத்திருக்கீகள்ல?"

சிவம் பார்த்திருந்தான். மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை.

'சாமான் வண்டி' என்று பெயர் வைத்தார்கள். பாத்திரம் ஒன்றோடொன்று இடித்து விழும் சத்தம் வேண்டும் என்றதும், விசாலி தன் சாமானையே எடுத்துவந்து முற்றத்தில் ஒவ்வொன்றாகப் போட்டு உடைக்காத குறையாக உருட்டினாள். பெல்சி மைக்கைப் பிடித்தாள். "ஆறு வருசத்துல இன்னைக்குத்தான் இதுகளால ஒரு பிரயோசனம்," என்று விசாலி மனம் குளிர்ந்து சொன்னாள். அவள் அம்மாவுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

பாத்திரங்கள் சாயவும் சரியவும் உருளவும் வேண்டிய கணக்கு முழுவதையும் பெல்சி தானே எழுதினாள். அந்த வேலைக்கென்றே தயாராக எழுதி விற்கும் கம்பெனிகள் உலகத்தில் உண்டு. விளையாட்டுக்கும் எந்திரத்துக்கும் நடுவில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் அந்தச் சரக்குக்கு மிடில்வேர் என்று பெயர். விலை யானை விலை. விலை குறைவாக இருந்தாலும் பெல்சி வாங்கியிருக்க மாட்டாள், அது வேறு விஷயம்.

விளையாட்டு கம்ப்யூட்டரில் நன்றாகவே ஓடியது. ஆடியவர்கள் சிரித்தார்கள், நண்பர்களுக்குச் சொன்னார்கள். ஆனால் இந்த மாதிரி விளையாட்டுக்கு உண்மையான சந்தை கன்சோலில், அதாவது டிவியோடு இணைத்து ஆடுகிற பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டி செய்கிற கம்பெனி ஒன்றின் சிங்கப்பூர் அலுவலகத்திலிருந்து, தங்கள் பெட்டிக்கும் இதைச் செய்யலாமே என்று கடிதம் வந்தபோது சிவம் கூடத்தில் குதித்த குதியில் ஓட்டுக்கூரைப் புறாக்கள் கிளம்பிப் போயின. சோதனைக்கென்று ஒரு பெட்டியும் வந்தது. அதை வெளியாள் யாரும் தொடமுடியாதபடி பூட்டிய அறையில் வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. கண்டனூரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் பூட்டுக்குப் பஞ்சம் வராது. சிவம் காட்டிய அறைக் கதவைப் படம் பிடித்து அனுப்பினார்கள். இது வங்கியா என்று சிங்கப்பூரில் கேட்டார்களாம்.

பெட்டியில் போட்டுப் பார்த்ததும் முகம் தொங்கிவிட்டது. பெல்சியின் கம்ப்யூட்டர் பயில்வான், எவ்வளவு கணக்குக் கொடுத்தாலும் தூக்கும். கன்சோல் அளவான பெட்டி. நாலு பாத்திரம் ஏற்றினால் வண்டி ஓடியது. ஒரு கல்யாணத்துச் சாமானை ஏற்றினால் விக்கி விக்கி நின்றது. பெல்சி கணக்கைச் சுருக்கினாள், திருத்தினாள், மறுபடி எழுதினாள். விக்கல் குறைந்தது, நிற்கவில்லை. சிங்கப்பூர்க்காரர்கள் ஆடிப் பார்க்க ஒரு வெள்ளிக்கிழமை குறித்திருந்தார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான்.

அடுத்த வருஷம்வரை தாங்காது. கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. பெங்களூர்க் கம்பெனி அவளுக்கு மறுபடி இடம் கொடுக்கத் தயாராக இருந்தது, அந்த மாசக் கடைசிக்குள் பதில் கேட்டது. வெள்ளிக்கிழமை காரியம் ஆகவில்லை என்றால் போய்விடுவது என்று அவளும் நெல்சனும் பேசி முடித்திருந்தார்கள். யூஜினியாவிடம் சொல்லவில்லை. சொல்ல இருவருக்குமே தைரியம் வரவில்லை.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. விளையாட்டு செய்யும் செலவு ஏறிக்கொண்டே போவதால் சின்னச் சின்னக் குழுக்கள் கன்சோல் பக்கமே வருவதில்லை, வராவிட்டால் பெட்டி விற்காது. ஆகவே பெயர்பெற்ற ஒரு மிடில்வேரின் உரிமையைக் கன்சோல் கம்பெனியே மொத்தமாக வாங்கிவிட்டது. தன் பெட்டிக்கு விளையாட்டு செய்கிற யாரும் அதைத் தனியாகக் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். சிவம் அதை வாசித்துக் காட்டிவிட்டு பெல்சியின் முகத்தைப் பார்த்தான்.

"வேணாம்," என்றாள் பெல்சி.

"ஏன்க்கா? நம்ம நகரத்தார் விடுதியில பெரிய அண்டா, கரண்டியெல்லாம் பொதுவில வாங்கிப் போட்டு, விசேசத்துக்குக் குடுத்து வாங்குறாகல்ல? ஆளாளுக்கு வாங்குனா கட்டுபடியாகாதுன்னுதான? அதே கதைதான் இது."

"அது சோத்துக்கு. இது என் வேலை."

"அண்டா விடுதியில எடுத்தா, சாம்பாருக்கு விடுதி பேரா வைக்கிறோம்? சமைச்சது நீங்கதான?"

பதில் கிடைக்காவிட்டால் பெல்சிக்குக் கோபம் வரும். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் சிவத்தோடு சரியாகப் பேசவில்லை.

மூன்றாவது நாள், எவ்வளவு மோசமாக இருக்கிறது என்று சொல்லிக் காட்டுவதற்காகவே அந்த மிடில்வேரை இறக்கிப் பார்த்தாள். கூடவே வந்த மாதிரிப் படத்தில் பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். பெல்சி ஒரு பெட்டியை உருவினாள். கோபுரம் ஒரு கணம் யோசித்துவிட்டு, ஒரு பக்கமாகத் தளர்ந்து, சரிய வேண்டிய விதத்தில் சரிந்தது. விக்கல் இல்லை. நடுக்கம் இல்லை. மறுபடி அடுக்கி மறுபடி உருவினாள். பத்து வருஷம் இதே வேலை பார்த்தவளுக்கு, தன்னைவிட நன்றாக ஒருவன் செய்திருக்கிறான் என்று தெரிந்துகொள்ள வேறு சாட்சி தேவைப்படவில்லை. அழுகை வந்தது. பின்கட்டுக்குப் போய் அழுதாள், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். தன் கணக்கைத் தூக்கிவிட்டு அதை வைத்தாள். நாங்கள் மாறிவிட்டோம் என்று சிங்கப்பூருக்கும் அன்றைக்கே எழுதிவிட்டாள். ஒரு காரியத்தில் இறங்கினால் பாதியில் திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

பெட்டியில் போட்டு முதல் ஓட்டம் பார்க்க விசாலியும் வந்து உட்கார்ந்தாள். சிவம் பொத்தானை அழுத்தினான்.

வண்டி கிளம்பவே இல்லை. அதற்குள் அண்டா வாயிலிருந்து குண்டான் பீறிட்டது. குண்டானுக்குள்ளிருந்து தவலை, தவலைக்குள்ளிருந்து செம்பு, செம்புக்குள்ளிருந்து சம்புடம் என்று ஒவ்வொன்றும் திருவிழா வாணம் போல மேலே போனது. போனது போனதுதான், ஒன்றும் திரும்பி வரவில்லை. காலி வண்டி தெருவில் நின்றது.

"யக்கா," என்றாள் விசாலி, "எங்கம்மா குடுத்த சாமான் பூராம் பரலோகத்துக்குப் போயிருச்சு."

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெல்சி தான் எழுதியதை வரி வரியாகப் பார்க்கத் தொடங்கினாள்.

காரணம் பிடிபட அரைநாள் ஆனது. பிடிபட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். வேகத்துக்காக அந்த மிடில்வேர் ஓடுகிற, விழுகிற பொருளை எல்லாம் கெட்டியான கட்டியாகத்தான் எடுத்துக்கொள்ளும். பீப்பாய், பெட்டி, பாறாங்கல் என்றால் அதனால் தோஷமில்லை. அண்டாவையும் அது வாய் அடைத்த கட்டியாக எடுத்துக்கொண்டது. கட்டிக்குள் இன்னொரு கட்டி இருக்க முடியாதே, அதனால் உள்ளே இருந்ததையெல்லாம் பலம்கொண்ட மட்டும் வெளியே தள்ளிவிட்டது. பெல்சி தன் கணக்கில் முதல் நாளிலிருந்தே வாயைத் திறந்துதான் எழுதியிருந்தாள். பாத்திரம் என்றால் வாய் இருக்கும், வாய்க்குள் இன்னொரு பாத்திரம் இருக்கும் என்று இந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. ஆகவே மாற்றும்போது அதைச் சரிபார்க்கவே அவளுக்குத் தோன்றவில்லை. வேறு ஊர்க்காரி யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் பார்த்திருப்பாள்.

வழி இருந்தது. பாத்திரத்தின் சுவரைச் சின்னச் சின்னத் துண்டாக்கி வளையமாக நிறுத்தினால் நடுவில் பள்ளம் கிடைக்கும். செய்து பார்த்தாள். பள்ளம் கிடைத்தது, ஆனால் துண்டுகளின் கூட்டம் பெருகி, பழைய விக்கல் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

"பேசாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு வைக்காம, தனித்தனியா வச்சிருவோமாக்கா?" என்றான் சிவம்.

"வெறும் அண்டாவுக்குள்ள காத்த அடைச்சு வண்டியேத்துற குடும்பம் எங்குட்டு இருக்கு, காட்டுங்க பாப்போம்."

"அப்ப உங்க பழைய கணக்குக்கே திரும்பிருவோம். சாமானக் குறைச்சுக்கலாம்."

"குறைச்சா அது யார் வீட்டுக் கல்யாணம்? சிவம், நான் திரும்ப மாட்டேன். இதுலயே செய்வேன். செஞ்சு காட்டுறேன்."

குரல் கணீரென்றுதான் வந்தது. எப்படிச் செய்வது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

வேறொரு தொல்லையும் வந்து சேர்ந்தது. அந்த வாரக் கடைசியில் பங்காளி வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். பெரிய வீட்டை முழுதாகத் திறந்துவிட்டார்கள். சென்னையிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் சனம் வந்து இறங்கத் தொடங்கியது. சமையல்காரர்கள் பின்கட்டைப் பிடித்தார்கள். பெல்சியும் சிவமும் தங்கள் இரண்டு அறைக்குள் ஒடுங்கினார்கள். பெல்சிக்குத் தலைவலி. திங்கள்கிழமை காலை, பெண்ணின் சாமான் ஒரு வண்டி நிறைய வந்து வாசலில் நின்றது.

அவள் எழுந்து வேடிக்கை பார்க்க வந்தாள். அண்டாவுக்குள் அடுக்கிய அடுக்கைப் பழைய சேலையில் கட்டி மொத்தமாக இறக்கினார்கள். சுமைதூக்கும் தங்கச்சாமி என்பவர் ஒரு பொதியைத் தோளில் வைத்துக்கொண்டு நிலைப்படியைத் தாண்டினார். தாண்டும்போது கால் இடறிவிட்டது. பொதி முன்பக்கமாகச் சாய்ந்தது. முதலில் ஒன்றும் ஆகவில்லை, கட்டு தாங்கியது. இன்னும் கொஞ்சம் சாய்ந்ததும் முடிச்சு நெகிழ்ந்து, உள்ளே இருந்த சின்ன சம்புடம் முதலில் எட்டிப் பார்த்தது. பிறகு செம்பு, பிறகு தவலை, பிறகு எல்லாமாகக் கலகலவென்று கூடத்துக் கல்தரையில் கொட்டி நாலா பக்கமும் ஓடின. கல்யாண வீட்டுப் பெண்கள் "யாத்தே!" என்று அலறினார்கள்.

பெல்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். "அண்ணே, அடிகிடி படலயே?"

"இல்லத்தா," என்றார் தங்கச்சாமி, எழுந்து வேட்டியைத் தட்டியபடி.

"அப்ப அதே மாதிரி இன்னொரு தடவை விழுகுறீகளா?"

தங்கச்சாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாண வீட்டுக்காரர்கள் அவரைத் திட்டுவதா இவளைத் திட்டுவதா என்று தெரியாமல் நின்றார்கள். சிவம் ஓடிவந்து அவளை அறைக்குள் இழுத்துக்கொண்டு போனான். போகிற வழியெல்லாம் பெல்சி பேசிக்கொண்டே போனாள்.

"சிவம், அவரு தோள்ல எத்தனை சாமான் இருந்துச்சு?"

"பத்து இருபது இருக்கும்."

"இல்ல. ஒண்ணுதான் இருந்துச்சு. சாயுற வரைக்கும் அவருக்கு அது ஒரே பொதி. உள்ள என்ன இருக்குன்னு அவருக்கு என்ன கவலை? சாஞ்ச பெறகுதான அது இருபது? நான் கூறுகெட்டவ, ஆரம்பத்துலேருந்தே இருபதையும் எண்ணச் சொல்லி அந்தப் பெட்டிய வதைச்சுக்கிட்டு இருக்கேன்."

அப்படியே எழுதினாள். அடுக்கிய பாத்திரம் வண்டியில் ஒழுங்காக நிற்கும்வரை மிடில்வேருக்கு ஒரே கட்டி. எந்தக் கட்டி எவ்வளவு சாய்கிறது என்று பெல்சியின் சொந்தக் கணக்கு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கும். எல்லை தாண்டிச் சாய்ந்த பொதியை மட்டும் அந்தக் கணத்தில் அவிழ்த்து, உள்ளதைத் தனித்தனியாக மிடில்வேரிடம் ஒப்படைத்துவிடும். விழுவதும் உருள்வதும் அதன் பாடு. எல்லாப் பொதியும் ஒரே நேரத்தில் அவிழ்வதில்லை என்பதால் கன்சோலுக்கு மூச்சு முட்டவில்லை. புதன்கிழமை சாயங்காலம் ஒரு கல்யாணத்துச் சாமான் மொத்தமும் விக்கல் இல்லாமல் கண்டனூர்த் தெருவில் ஓடியது. விசாலி வேண்டுமென்றே வண்டியைக் கால்வாயில் கவிழ்த்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இதான்க்கா நெசம்," என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. கூடத்தில் சாமான் பரப்பிக்கொண்டிருந்தார்கள், பின்கட்டில் பலகாரம் வெந்துகொண்டிருந்தது, நாதஸ்வரக்காரர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அமளிக்கு நடுவில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பெல்சியும் சிவமும் திரை முன்னால் உட்கார்ந்தார்கள். எதிர்ப்பக்கம் சிங்கப்பூரில் ஓர் அம்மாள், விளையாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி. சிரிக்காத முகம். அவர் அங்கே ஆடுவது இங்கே தெரிந்தது.

அம்மாள் நிதானமாக ஓட்டினார். மேட்டில் ஏறினார், மாட்டுக்கு வழிவிட்டார். பெட்டி விக்கவில்லை. பள்ளம் ஒன்றில் முன் சக்கரம் இறங்கியது, மேலடுக்கு சாய்ந்தது, நிமிர்ந்தது. அம்மாள் மூச்சை இழுத்துப் பிடித்தது இங்கே கேட்டது. கல்யாண வீடு கண்ணுக்குத் தெரியும் இடத்தில், அவசரப்பட்டுப் பிரேக்கை அழுத்தினார். அவ்வளவுதான். ஒரு பொதி அவிழ்ந்தது, அது இடித்து அடுத்தது அவிழ்ந்தது, தெரு நிறையப் பித்தளையும் எவர்சில்வருமாக ஓடியது. எல்லாம் அடங்கிய பிறகும் ஒரு மூடி மட்டும் தனியாகச் சுற்றிச் சுற்றி, சுற்றிச் சுற்றி, கடைசியில் படுத்தது.

சிவம் மேஜைக்கு அடியில் கையைப் பிசைந்தான்.

"நான் மறுபடி ஆடலாமா?" என்று அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டார். அனுமதிக்குக் காத்திருக்கவும் இல்லை. மறுபடி ஏற்றினார், மறுபடி கவிழ்த்தார், இந்தத் தடவை வாய்விட்டுச் சிரித்தார். குறித்த நேரம் கடந்துபோனது. அவர் கவனிக்கவில்லை. மூன்றாவது தடவை கவிழ்த்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "இவ்வளவு அழகாகச் சரிகிறதே, இதை யார் எழுதியது?"

சிவத்துக்கு பெல்சியைத் தெரியும். அவள் என்ன சொல்வாளோ என்று அவளையே பார்த்தான். பெல்சி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"விழுவது, உருள்வது, அந்த மூடி சுற்றுவது எல்லாம் நீங்கள் கொடுத்த மிடில்வேர். எனக்கு அவ்வளவு நன்றாக எழுத வராது, எழுதிப் பார்த்தேன். எப்போது அவிழ வேண்டும் என்பது மட்டும் நான்."

"அந்த 'மட்டும்' எங்களிடம் இல்லை," என்றார் அம்மாள். "இந்தப் பண்டிகைக் காலத்திலேயே வெளியிடுவோம். கடிதம் இன்றைக்கே வரும். உங்கள் அவிழ்க்கிற பகுதியையும் மற்றவர்கள் பயன்படுத்தும்படி எங்கள் சரக்கோடு சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசித்துச் சொல்லுங்கள்."

"யோசிக்க வேண்டாம். சேர்த்துக்கொள்ளுங்கள்," என்றாள் பெல்சி.

திரை அணைந்ததும் சிவம், "ஏன்க்கா, ஒரு வெலையாவது பேசியிருக்கலாம்ல?" என்று கேட்டான்.

"பேசுவோம். நாளைக்குப் பேசுவோம்," என்று எழுந்தாள். கதவைத் திறந்து கூடத்துக்கு வந்தவளுக்கு மேற்கொண்டு நடக்க முடியவில்லை. பரப்பி வைத்த பாத்திரங்களுக்கு நடுவில், தூணைப் பிடித்துக்கொண்டு, நாலு பேர் பார்க்கிறார்களே என்ற நினைப்பில்லாமல் ஓவென்று அழுதாள். பட்டுப்புடவைப் பெண்கள் பதறிப்போய்ச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னத்தா, ஏன் அழுகுறே? வீட்டுல எதுவும் ஆகாத சேதியா?"

"இல்ல ஆச்சி. நல்ல சேதிதான்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஊர்லயே இருக்கப் போறேன்."

அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை தாலி கட்டியதும் புறப்படுகிறவர்கள், திரும்பிப் போக டிக்கெட் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து வந்த ஆச்சி ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"இங்கயேவா?"

"ஆமா ஆச்சி," என்றாள் பெல்சி. "இங்கயேதான்."

ஆச்சி அவள் கையைப் பிடித்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பந்திக்கு அழைத்துக்கொண்டு போனார்.